வெடிக்கும் விண்மீன்களை முறைவைத்துப் பார்ப்பது: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் மாறும் விண்மீன்களைக் கவனிக்கும் எங்கள் சிறிய கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த டெலஸ்கோப் வாங்கலாம் என்ற கேள்வியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதை ஆரம்பித்தால் வேறு எதுவும் பேச முடியாது.

வெடிப்பு என்றால் அந்த நட்சத்திரம் அழிந்துபோகிறதா?

இல்லை. அழிந்துபோவது சூப்பர்நோவா. நாம் காத்திருக்கும் நட்சத்திரங்கள் வெடித்த பிறகும் இருக்கும், மறுபடியும் வெடிக்கும். பெரும்பாலும் இவை ஜோடிகள்: ஒன்று வெள்ளைக் குள்ளன், அதாவது எரிந்து முடிந்து சுருங்கிப்போன நட்சத்திரம், பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம். இரண்டாவதிலிருந்து வாயு வழிந்து முதலாவதைச் சுற்றி ஒரு வட்டாகச் சேர்கிறது.

இதில் இரண்டு ரகம். முதலாவது குறு நோவா. வீராணம் ஏரி நிரம்பும்வரை நிரம்பி, மட்டம் ஏறியதும் மதகைத் திறந்துவிடுவார்களே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். வட்டில் வாயு சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் சூடேறி ஹைட்ரஜன் அயனியாகிவிடும். அதோடு வாயுவின் பிசுபிசுப்பு கூடி, சேர்ந்ததெல்லாம் உள்நோக்கிச் சரியும். வட்டு பளிச்சென்று ஆகும். சில நாளில் அடங்கி, திரும்பவும் நிரம்ப ஆரம்பிக்கும். எஸ்எஸ் சிக்னி இப்படித்தான் சராசரியாக ஏழு வாரத்துக்கு ஒருமுறை 12 மேக்னிட்யூடிலிருந்து 8-க்கு ஏறுகிறது (மேக்னிட்யூட் என்பது நட்சத்திரத்தின் வெளிச்ச அளவு, எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம்). ஆனால் அந்த ஏழு வாரத்தை நம்பி காலண்டரில் குறித்துவைக்க முடியாது. சில நேரம் நாலு வாரம், சில நேரம் பத்து வாரம்.

இரண்டாவது நோவா. இங்கே வெள்ளைக் குள்ளனின் மேற்பரப்பில் சேர்ந்த ஹைட்ரஜனே அணுச்சேர்க்கையில் பற்றிக்கொள்கிறது. சில நட்சத்திரங்களில் இது பல்லாண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப நடக்கும். ஆர்எஸ் ஓஃபியூகி 2006-இல் வெடித்தது, 2021 ஆகஸ்டில் மறுபடி வெடித்தது. டி கொரோனா போரியாலிஸ் 1866-இலும் 1946-இலும் வெடித்தது. அடுத்ததற்காகத்தான் உலகம் முழுக்க இத்தனை பேர் தூக்கம் கெடுக்கிறார்கள். 2024-இல் வெடிக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், அந்த ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை.

மேக்னிட்யூட் எண் குறைந்தால் வெளிச்சம் கூடுமா?

ஆமாம், தலைகீழ்க் கணக்கு. 5 மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு, ஒன்று என்றால் சுமார் 2.512 மடங்கு. இந்த விகிதத்தை 1856-இல் முன்வைத்த நார்மன் போக்சன், 1861-இலிருந்து 1891-இல் சாகும்வரை சென்னை வானாய்வகத்தில் அரசு வானியலாளராக இருந்தவர். அங்கே அவரோடு வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி மாறும் விண்மீன் என்று கண்டுபிடித்தார். ஆக, இந்த வேலை நம் கரைக்குப் புதிதில்லை.

தானியங்கி டெலஸ்கோப்புகள் வானம் முழுக்கப் படம் எடுக்கின்றனவே. என் பைனாகுலர் எதற்கு?

நியாயமான கேள்வி. மங்கலானவற்றைக் கண்டுபிடிப்பதில் அவற்றோடு போட்டி போடவே முடியாது. ஆனால் பிரகாசமான நட்சத்திரம் அவற்றின் கேமராவில் நிரம்பி வழிந்துவிடும், அளவு வராது. அப்புறம், அவையும் ஒரு இடத்தில்தான் இருக்கின்றன. அங்கே பகல் என்றால் பகல்தான்.

ஆள் பார்த்துச் சொன்னதால் நடந்த வேலைக்கு இரண்டு உதாரணம். எஸ்எஸ் சிக்னியின் தூரத்தை ஹபிள் விண்வெளி டெலஸ்கோப் 520 ஒளியாண்டு அளவில் சொன்னது. அது சரியென்றால் குறு நோவா எப்படி வேலை செய்கிறது என்ற கோட்பாடே உதைக்கும். ரேடியோ டெலஸ்கோப்பால் அளந்து பார்க்கலாம், ஆனால் அந்த நட்சத்திரம் ரேடியோவில் நன்றாகத் தெரிவது எழுச்சியின்போது மட்டும்தான். எழுச்சி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எனவே 2010-க்கும் 2012-க்கும் இடையில், அமெரிக்க மாறும் விண்மீன் சங்கமான ஏஏவிஎஸ்ஓ-வின் பார்வையாளர்கள் இரவிரவாகப் பார்த்து, "ஏற ஆரம்பித்துவிட்டது" என்று சொன்னதும் ரேடியோ டெலஸ்கோப்புகளைத் திருப்பினார்கள். 2013-இல் வெளியான விடை 370 ஒளியாண்டு. கோட்பாடு பிழைத்தது.

இரண்டாவது இதற்கு நேர்மாறு. 2012, 2013-இல் ஹபிளின் ஒரு கருவியைக் கொண்டு சுமார் 40 குறு நோவா வகை நட்சத்திரங்களைப் பார்க்கத் திட்டமிட்டார்கள். எழுச்சியில் இருக்கும் நட்சத்திரத்தை அந்தக் கருவி தாங்காது. அதனால் ஒவ்வொன்றையும் பார்ப்பதற்கு முந்தைய நாட்களில் உலகெங்குமிருந்து அமெச்சூர்கள் "அமைதியாகத்தான் இருக்கிறது" என்று உறுதி சொல்லவேண்டியிருந்தது.

நட்சத்திரம் தெரியவே இல்லை. அதையும் எழுதவேண்டுமா?

வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகமாக விட்டுவிடுவது இதைத்தான். "ஒன்றும் இல்லை சார், அதனால எழுதல" என்பார்கள். ஒன்றும் இல்லை என்பதுதான் அங்கே தகவல்.

1866 மே 12 இரவு அயர்லாந்தில் ஜான் பர்மிங்காம் கொரோனா போரியாலிஸ் விண்மீன் கூட்டத்தில் ஒரு புது நட்சத்திரத்தை 2 மேக்னிட்யூட் அளவில் பார்த்தார். அதே இரவு, சில மணி நேரம் முன்பு ஏதென்ஸில் யூலியஸ் ஷ்மிட் அதே பகுதியைப் பார்த்திருந்தார், அப்படிப் பிரகாசமாக அங்கே எதுவும் இல்லை என்று சொன்னார். டி கொரோனா சில மணி நேரத்தில் ஏறிவிடும் என்று இன்றைக்கு நாம் சொல்வதற்கு ஷ்மிட் பார்க்காமல் போன அந்த நட்சத்திரம் முக்கிய ஆதாரம்.

எழுதும் முறை இது. சார்ட்டில் (ஏஏவிஎஸ்ஓ தரும் வான வரைபடம்) உங்கள் கண்ணுக்குத் தெரிந்த ஆக மங்கலான ஒப்பீட்டு நட்சத்திரம் (வெளிச்சம் ஏற்கெனவே தெரிந்த நட்சத்திரம்) எதுவோ, அதன் எண்ணுக்கு முன்னால் "குறைவு" குறி போடவேண்டும். அது 11.3 என்றால் <11.3. நட்சத்திரம் அதைவிட மங்கல் என்று அர்த்தம். மேகம் மறைத்ததால் தெரியவில்லை என்றால் அது பார்வையே இல்லை, அனுப்பக்கூடாது. இந்த இரண்டையும் குழப்பினால் பின்னால் அலசுகிறவருக்குத் தலைவலி.

நாம் எல்லாரும் ஒரே நட்சத்திரத்தைப் பார்ப்பதில் என்ன பயன்? கடலூரில் ஒருவர், புதுச்சேரியில் ஒருவர் போதாதா?

மேகத்தைப் பொறுத்தவரை கடலூரும் புதுச்சேரியும் ஒரே ஊர். நடுவில் இருப்பது 20 கிலோமீட்டர் சொச்சம். தேவனாம்பட்டினத்தில் மூடினால் கடற்கரைச் சாலையிலும் மூடியிருக்கும். ஆகவே நமக்குள் முறைவைப்பது ஆள் களைப்பைச் சமாளிக்கத்தான். வானத்தைச் சமாளிக்க வெளியூர்க் கூட்டாளி வேண்டும்.

கூட்டாளியை நான் பருவமழையை வைத்துத் தேர்ந்தெடுப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வடகிழக்குப் பருவமழை, வானம் கிடைப்பது அதிர்ஷ்டம். அப்போது புனே, ராஜஸ்தான் பக்கம் வானம் பளிச்சென்று இருக்கும். ஜூன், ஜூலையில் அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, நமக்குச் சாயங்கால இடிமழை ஓய்ந்தபின் நள்ளிரவுக்கு மேல் சில நல்ல இடைவெளிகள் கிடைக்கும். தையிலிருந்து பங்குனிவரை எல்லாருக்கும் நல்ல காலம், அப்போது முறை பிரிப்பது சுலபம்.

இதைப் புதுச்சேரியில் சொல்லும்போது லெ ஜெந்தீலை நினைக்காமல் இருக்க முடியாது. வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரான்ஸிலிருந்து வந்தவர். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டதால் கரையிறங்க முடியாமல் கப்பலிலேயே தங்கிப்போனார், ஆடும் கப்பலில் அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் இந்தப் பக்கமே இருந்து, புதுச்சேரியில் வானாய்வகம் கட்டி உட்கார்ந்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடியது. கடப்பு முடிந்ததும் சூரியன் வந்தது. இந்த இரண்டாவது கடப்பை அவர் முதலில் பார்க்க நினைத்த இடம் மணிலா. அங்கே அன்று வானம் தெளிவாக இருந்தது.

உலக அளவில் நம் இடத்துக்கு என்ன மதிப்பு?

இரண்டு விதத்தில் மதிப்பு. முதலாவது தீர்க்கரேகை. நாம் கிட்டத்தட்ட 80 டிகிரி கிழக்கில் இருக்கிறோம். ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே பல மணி நேர வித்தியாசம். அந்த இடைவெளியின் நடுவில் இருப்பது நாம்தான். சில குறு நோவாக்கள் பெரிய எழுச்சியின்போது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லேசாக ஏறி இறங்கும். அந்தக் கால அளவை ஒரே ஊரிலிருந்து அளந்தால், தினமும் பகலில் விழும் ஓட்டையால் பொய்யான விடைகளும் உண்மையோடு சேர்ந்து வரும், எது சரி என்று பிரிக்க முடியாது. ஜப்பான், இந்தியா, ஐரோப்பா என்று அளவுகள் தொடர்ந்து ஒட்டினால் பொய் விடைகள் தானே கழன்றுவிடும். ஆனால் இது கேமரா வேலை, கண்ணால் ஆகாது.

இரண்டாவது அட்சரேகை. 12 டிகிரி வடக்கில் துருவ நட்சத்திரம் அடிவானத்தில் தடவிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாகத் தென்வானம் தாராளமாகக் கிடைக்கிறது. 2013 டிசம்பரில் சென்டாரஸ் விண்மீன் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கே தெரிந்த நோவா வந்தது. லண்டன்காரருக்கு அது உதிக்கவே உதிக்காது. நமக்கு விடியற்காலையில் தெற்கே தாழ்வாக வரும். வடக்கு, தெற்கு இரண்டையும் ஒரே மொட்டைமாடியிலிருந்து பார்க்கிற வசதியை நம்மவர்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் குறை.

எந்த நட்சத்திரத்தில் ஆரம்பிக்கலாம்?

எல்லாரும் எஸ்எஸ் சிக்னி என்பார்கள். நான் சொல்லமாட்டேன். அது மாலை வானில் உச்சிக்கு வரும் மாதங்கள் நம் மழை மாதங்கள். யூ ஜெமினோரம் நமக்குப் பொருத்தம். மிதுனத்தில், ஜனவரி முதல் ஏப்ரல்வரை மாலையிலேயே நல்ல உயரத்தில் இருக்கும், நம் தெளிந்த வானத்தோடு ஒத்துப்போகும். லண்டனில் ஜான் ஹைண்ட் 1855-இல் கண்டுபிடித்தது, குறு நோவாக்களில் முதலில் அறியப்பட்டது. சாதாரணமாக 14 மேக்னிட்யூட், எழும்போது 9 வரை வரும். சிறிய டெலஸ்கோப் வேண்டும். பெரும்பாலான இரவுகளில் நீங்கள் எழுதப்போவது "இல்லை" என்றுதான். அதனாலேயே நல்ல பயிற்சி.

பைனாகுலர் மட்டும் இருந்தால் டி கொரோனா போரியாலிஸ். சுவாதிக்கும் அபிஜித்துக்கும் நடுவே, சுவாதிக்குக் கிட்டத்தில் ஒரு அரைவட்டம் தெரியும். அதில் எப்சிலான் என்ற நட்சத்திரத்துக்கு ஒரு டிகிரி தெற்கே. இப்போது 10 மேக்னிட்யூட், நகர வெளிச்சத்தில் சாதாரண பைனாகுலருக்கு எட்டாது. பரவாயில்லை, அந்த இடத்தைக் கண்ணுக்குப் பழக்கினால் போதும். அது சூரியன் பக்கம் போய் மறைவது நவம்பர் கடைசியில், நமக்கு எப்படியும் மழை. அந்த ஒரு விஷயத்தில் நமக்கு நஷ்டமில்லை.

மேக்னிட்யூடைக் கண்ணால் எப்படி மதிப்பிடுவது?

ஏஏவிஎஸ்ஓ சார்ட்டில் ஒப்பீட்டு நட்சத்திரங்களுக்கு எண் போட்டிருப்பார்கள், புள்ளி இருக்காது, ஏனென்றால் புள்ளியே நட்சத்திரம் போலத் தெரியும். 91 என்றால் 9.1. உங்கள் நட்சத்திரம் 91-ஐவிட மங்கல், 96-ஐவிடப் பிரகாசம், 91-க்குக் கொஞ்சம் கிட்ட என்றால் 9.3. அவ்வளவுதான். நேற்று என்ன எழுதினோம் என்று பார்த்துவிட்டுப் பார்க்காதீர்கள், கை அதே எண்ணுக்குப் போகும். சிவப்பு நட்சத்திரத்தை வெறித்துப் பார்த்தால் பிரகாசமாகிக்கொண்டே போவதுபோலத் தோன்றும், சட்டென்று பார்த்துவிட்டு விலகுங்கள். தாழ்வான நட்சத்திரத்தை, அதே உயரத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். கடல் காற்றின் ஈரமும் உப்பும் அடிவானத்தில் நிறைய வெளிச்சத்தைத் தின்றுவிடும்.

நிஜமாகவே பிரகாசமாகத் தெரிகிறது. முதலில் யாருக்குச் சொல்வது?

முதலில் நேரத்தை எழுதுங்கள். பிறகு சார்ட்டோடு மறுபடி சரிபாருங்கள். கிரகமா, சிறுகோளா என்று வான வரைபடச் செயலியில் ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு போன். இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு கறாரான வழக்கம் உண்டு. போன் இப்படித்தான் இருக்கவேண்டும்:

"அண்ணா, மாடிக்குப் போக முடியுமா? சுவாதி பக்கம், நம்ம இடம்."

"எவ்வளவுன்னு சொல்லாத. நான் பாத்துட்டுக் கூப்பிடுறேன்."

எண்ணைச் சொல்லிவிட்டால் இரண்டாவது ஆளின் பார்வை கெட்டுப்போகும். 2.5 என்று காதில் விழுந்தவருக்கு 2.5-தான் தெரியும். அவர் தனியாகப் பார்த்து எழுதியபின் இருவர் எண்ணும் சொல்லப்படும். பொருந்தாவிட்டாலும் திருத்தக்கூடாது, இரண்டும் அப்படியே ஏஏவிஎஸ்ஓ-வுக்குப் போகவேண்டும். அங்கே சேர்ந்தால் உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்: ரேடியோ டெலஸ்கோப் நேரம் கேட்டு வைத்திருப்பவர், செயற்கைக்கோளைத் திருப்ப அனுமதி வாங்கி வைத்திருப்பவர், காவலூர் வானாய்வகத்தில் நிறமாலை எடுக்க நினைப்பவர். ஆர்எஸ் ஓஃபியூகி 2006-இல் வெடித்தபோது புனே பக்கத்து ஜிஎம்ஆர்டி ரேடியோ டெலஸ்கோப் அதைப் பார்த்தது. 2021-இல் அதே நட்சத்திரம் மிக உயர் ஆற்றல் காமா கதிர்களைத் தருவது தெரிந்தது, ஒரு நோவாவில் அது முதல் தடவை. இதெல்லாம் முதல் ஒன்றிரண்டு நாள் வேகத்தைப் பொறுத்தது.

முகநூலில் போடுவது அதற்கப்புறம்.

முதல் இரவில் எத்தனை தடவை அளக்கவேண்டும்?

டி கொரோனா என்றால், ஏறிக்கொண்டிருக்கும்வரை அரைமணிக்கு ஒன்று. 2 மேக்னிட்யூடில் கேமராவைவிடக் கண் நம்பகமானது. ஸ்மார்ட் டெலஸ்கோப்பில் அது நிரம்பி வழிந்துவிடும். அந்த அரைவட்டத்தில் ஆகப் பிரகாசமான அல்பெக்கா 2.2, எப்சிலான் 4.1, இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்குவதும் வேகம்தான், ஒரு வாரத்தில் வெறுங்கண்ணை விட்டுப் போய்விடும். முதல் இரவு எல்லாரும் விழித்து, இரண்டாம் இரவு எல்லாரும் தூங்கிவிடக்கூடாது. முன்னிரவு ஒருவர், பின்னிரவு ஒருவர் என்று பிரியுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு முன்னிரவு.

தனி ஆளாக தினமும் பார்த்தால் ஆகாதா?

ஆகலாம். இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் யசோரில் கலெக்டர் அலுவலகக் கருவூலத்தில் வேலை பார்த்த ராதா கோபிந்த சந்திரா, சிறிய டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு 37,000-க்கு மேல் பார்வைகளை ஏஏவிஎஸ்ஓ-வுக்கு அனுப்பினார். ஆனால் வெடிப்பைப் பிடிப்பது வேறு. அமெரிக்காவின் லெஸ்லி பெல்டியர் டி கொரோனாவை 25 வருஷத்துக்கு மேல் கண்காணித்தார். 1946 பிப்ரவரியில் ஒரு இரவு எழுந்தார், ஜலதோஷம் வருவதுபோல இருந்ததால் திரும்பப் படுத்துவிட்டார். அன்றுதான் அது வெடித்தது.

நேரத்தை எப்படி எழுதுவது? இந்திய நேரமா?

உலக நேரம். நம் நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் கழியுங்கள். நள்ளிரவு தாண்டினால் தேதியைப் பாருங்கள்: மார்ச் 2 விடிகாலை 2 மணி என்பது உலக நேரத்தில் மார்ச் 1 இரவு 8.30.

ஜூலியன் நாள், அதாவது வானியலில் நாட்களுக்கு விடாமல் போடும் தொடர் எண், நமக்கு ரொம்ப வசதி. அது உலக நேர நண்பகலில், அதாவது நம் மாலை 5.30-க்கு மாறுகிறது. ஆகவே நம் ஒரு இரவு முழுக்க ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். 2025 மார்ச் 1 இரவு 9.30 என்பது 2460736.1667. அந்த விடிகாலை 2 மணி 2460736.3542. புள்ளிக்கு முன்னால் மாறவில்லை பாருங்கள். ஐரோப்பாக்காரர்களுக்கும் அப்படித்தான். அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு இரவின் நடுவே மாறும்.

எங்கிருந்து பார்ப்பது?

கடலோரத்தில் கிழக்கு இருட்டு, மேற்கு வெளிச்சம். உதிக்கிற நட்சத்திரத்துக்குக் கடற்கரை, மறைகிறதற்குப் பாகூர் மாதிரி உள்ளே தள்ளிய இடம். தினப்பார்வைக்கு உங்கள் மொட்டைமாடியே நல்லது, போய்வர அலுப்பு இல்லாத இடத்தில்தான் ஆள் தொடர்ந்து பார்ப்பார். லென்ஸில் பனி படிந்தால் துடைக்காதீர்கள், உப்புத்துகள் கீறிவிடும். மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள்.

நிலா இருந்தால்?

டி கொரோனா வெடித்தால் முழுநிலவிலும் தெரியும், சாக்கு சொல்ல முடியாது. யூ ஜெமினோரம் வேறு. தைப்பூசத்தன்று முழுநிலவு பூசத்தில் இருக்கும், யூ ஜெமினோரத்துக்குக் கிட்டத்தில். அன்று அந்தப் பக்கம் டெலஸ்கோப்பைத் திருப்பிப் பயனில்லை, வடலூருக்கு ஜோதி தரிசனத்துக்குப் போய்வாருங்கள். நாலு நாள் கழித்து நிலா உதிக்க இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ஏழரையிலிருந்து அதுவரை இருட்டு இருக்கும், அதற்குள் ஒரு பார்வை எடுத்துவிடலாம்.